உப்புப் பூத்த மண்ணில் ஒரு காசித்தும்பை

முற்றிய காசித்தும்பைக் காய் ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து லேசாக அழுத்திப் பாருங்கள். மெல்லிய பூனைமயிர் போர்த்திக்கொண்டு சாதுவாகத் தொங்கிய அந்தப் பச்சைக் காய் சட்டென்று வெடிக்கும். ஐந்து சுவர்களும் உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். பழுப்பு நிற விதைகள் முகத்தில் வந்து தெறிக்கும். விரலில் புழு நெளிந்ததுபோல ஒரு கூச்சம். குழந்தைகள் கத்திக்கொண்டே கையை உதறுவார்கள், உடனே அடுத்த காயைத் தேடுவார்கள். நாம் ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்துக்குள் இப்படி எத்தனையோ வெடிப்புகள் நடந்து முடிந்துவிடலாம். அவ்வளவு வேகம்.

அந்த வேகத்துக்கான விசை எங்கே இருந்தது? காய்க்குத் தசை கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. இருப்பதெல்லாம் தண்ணீர்தான். காய்ச் சுவரின் வெளியடுக்குச் செல்கள் நீரை உறிஞ்சி விறைத்து, இன்னும் நீள வேண்டும் என்று முட்டுகின்றன. உள்ளடுக்கு நீள மறுக்கிறது. ஐந்து சுவர்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் வரை இந்த இழுபறி அடங்கிக் கிடக்கிறது. நம் விரல் அந்தத் தையலைப் பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். தண்ணீரின்றித் துவண்டுபோன செடியில் காயைத் தொட்டால் இந்தத் துள்ளல் வராது.

செடிக்குத் தண்ணீர்தான் தசை. தண்டு நிமிர்ந்து நிற்பதும், அந்திமந்தாரை சாயங்காலம் விரிவதும், விதைக்குள்ளிருந்து வேர் தலை நீட்டுவதும் இந்தத் தசையின் வேலைதான். திருப்பூரில் பூ விதை போடுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உரத்தையும் வெயிலையும் விட்டுவிட்டு முதலில் தண்ணீரைப் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த ஊரின் லைன் வீடுகளுக்கு முன்னால் பழைய பெயின்ட் டப்பாக்களிலும், உடைந்த பிளாஸ்டிக் குடங்களிலும், வாசல் ஓரத்து ஒரு முழ மண்ணிலும் வளர்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்து முகங்கள்போல இருக்கும்: காசித்தும்பை, அந்திமந்தாரை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, நித்தியகல்யாணி, சங்குப்பூ, டேபிள் ரோஸ். காசித்தும்பை நம் மண்ணுக்கு உரியது. அந்திமந்தாரையும் டேபிள் ரோஸும் வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நித்தியகல்யாணியின் பிறந்தகம் மடகாஸ்கர். எங்கிருந்து வந்திருந்தாலும், இன்று இவை நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிற பூக்களல்ல. பக்கத்து வீட்டம்மா காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற பூக்கள்.

கொடுத்த விதை முளைக்காவிட்டால் பழி விதைமேல் விழும். "வெதை சொத்தைங்" என்பார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கிற வயதான ஆத்தா மட்டும் வேறு மாதிரி சொல்வார்: "போர் தண்ணி ஊத்துனா எப்புடி மொளைக்கும் கண்ணு? நல்ல தண்ணி ஊத்தோணும்." அந்த ஒரு வாக்கியத்துக்குள் இந்த அத்தியாயம் முழுக்க அடங்கிவிடுகிறது. ஏன் அப்படி என்று மட்டும்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

ஊறுவது வேறு, முளைப்பது வேறு

காய்ந்த விதையில் நீரின் பங்கு எடையில் பத்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. உயிர் இருக்கிறது, ஆனால் அடுப்பு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஈரம் பட்டதும் விதை தண்ணீரை மூன்று கட்டமாகக் குடிக்கிறது.

முதல் கட்டம் வெறும் பௌதிகம். காய்ந்த மாவும் புரதமும் தண்ணீரைக் கண்டமேனிக்கு இழுக்கும். காய்ந்த பஞ்சோ உலர்ந்த மரமோ செய்வது இதைத்தான். இதற்கு உயிர் தேவையில்லை, செத்த விதையும் இந்தக் கட்டத்தில் நன்றாகவே ஊறும். "ஊறிப் பெருத்துவிட்டது, நாளைக்கு முளைத்துவிடும்" என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாம் கட்டத்தில் விதை குடிப்பதை நிறுத்திவிட்டதுபோலத் தோன்றும். வெளியே ஒன்றும் நடக்காது, உள்ளே எல்லாம் நடக்கும். பழுதான மரபுப்பொருள் சீர்செய்யப்படுகிறது, நொதிகள் விழிக்கின்றன, சேமித்து வைத்த மாவு சர்க்கரையாக உடைகிறது.

மூன்றாம் கட்டத்தில் வேர்நுனிச் செல்கள் மறுபடியும் தண்ணீரை இழுத்து, விறைத்து, விதையுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. இதுதான் முளைப்பு. வேர்நுனிக்குள் சர்க்கரையும் தாது உப்புகளும் கரைந்திருக்கின்றன. வெளியே இருக்கும் நீரைவிட உள்ளே கரைசல் அடர்த்தி கூடுதலாக இருப்பதால் தண்ணீர் உள்நோக்கி வருகிறது. சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது.

வெளியே இருக்கும் தண்ணீரிலேயே உப்பு கரைந்திருந்தால்? அதுவும் தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு பலத்தோடு என்பதைக் கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் நீரில் 3 கிராம் சமையல் உப்பு கரைந்திருந்தால், நம் ஊர் வெப்பத்தில் அதன் சவ்வூடு அழுத்தம் சுமார் இரண்டரை பார். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். கடுகைவிடச் சிறிய ஒரு விதையின் வேர்நுனி, மண்ணைத் தள்ளுவதற்கு முன்னாலேயே, ஒரு டயர் அழுத்தத்தை எதிர்த்துத் தண்ணீரை இழுத்தாக வேண்டும்.

உப்புத் தண்ணீரில் பெரும்பாலான விதைகள் முதல் கட்டத்தைத் தாண்டிவிடும். காய்ந்த பொருளின் இழுப்பு அவ்வளவு பெரியது, உப்பு அதைத் தடுக்க முடியாது. சிக்கிக்கொள்வது மூன்றாம் கட்டத்தில். விதை பெருத்து, மென்மையாகி, அப்படியே காத்திருக்கும். நாள் கூடினால் பூஞ்சை பிடிக்கும். சோடியமும் குளோரைடும் உள்ளே புகுந்து நஞ்சாவது தனிக் கதை. நாம் மண்ணைக் கிளறி அழுகிய விதையைப் பார்த்து, சொத்தை என்போம். அது தாகத்தில் செத்த விதை, அதுவும் ஈர மண்ணுக்குள்ளேயே.

சாயத்துக்கு எதற்கு உப்பு?

திருப்பூரின் போர் தண்ணீரில் உள்ள உப்பு கடலிலிருந்து நேராக வந்ததல்ல, பெரும்பாலும் சாயப்பட்டறை வழியாக வந்தது. பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் மேற்பரப்பில் லேசான எதிர்மின் தன்மை பெறுகிறது. பனியன் துணிக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மை கொண்டதுதான். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சமையல் உப்பையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டினால் அதன் நேர்மின் சோடியம் நடுவில் புகுந்து அந்த விலக்கத்தை மறைக்கும், சாயம் துணியிடம் போய்ச் சேரும். ரியாக்டிவ் சாயம் 1956-இல் பிரிட்டனில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. சாயம் இழையோடு வேதிப்பிணைப்பே கொண்டுவிடும் என்பதால் வெளுக்காத, பளிச்சென்ற நிறங்கள் கிடைத்தன. ஆனால் கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்குச் சாயத் தொட்டியில் கடல்நீரைவிடக் கூடுதலான உப்பு தேவைப்படும். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீரோடு தங்கிவிடும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டிக் காவிரியில் கலக்கும் நொய்யல் அந்தத் தண்ணீரை வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டது. பாசனத்துக்காக அதன் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கீழே இருந்த விவசாயிகள் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அதன் பிறகு சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் கொண்டு தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்துவது இந்த ஊரின் தொழில்முறையானது.

அந்தச் சவ்வு வடிகட்டி செய்யும் வேலையை விதையின் வேலையோடு சேர்த்துப் பாருங்கள். உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீரை அதனிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் உள்ள சிக்கல். ஆலைக்கு உயர் அழுத்த மோட்டார் இருக்கிறது. விதைக்கு மோட்டார் இல்லை, தன் செல்லுக்குள் கரைத்து வைத்த கொஞ்சம் சர்க்கரைதான் இருக்கிறது.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. சாயத்தையாவது நுண்ணுயிர்கள் கொஞ்சம் சிதைக்கும், உப்பு சிதையாது, ஆவியாகவும் செய்யாது. நிலத்தடியில் ஒருமுறை இறங்கிவிட்டால் மழைத் தண்ணீர் வந்து நீர்த்துப்போகச் செய்தால்தான் உண்டு. பட்டறை திருந்திய பிறகும் கிணறு பழைய கணக்கை நினைவில் வைத்திருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருளின் மொத்த அளவைக் குறிக்கும் டிடிஎஸ் என்ற சொல்லை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. உங்கள் போர் தண்ணீரின் எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு சிறிய மீட்டர் போதும்.

மேல்மண்ணின் பொல்லாத்தனம்

போர் தண்ணீர் ஊற்றிய தொட்டி காய்ந்ததும் மண்மேல் வெள்ளையாகப் படியும். அதை "உப்புப் பூத்திருக்கு" என்கிறோம். தமிழ் அதற்கும் பூ என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பூவுக்குப் பின்னால் இருப்பது விளக்குத் திரியின் விதி. மண் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறுகிறது, காற்றும் வெயிலும் அதைக் கொண்டுபோகின்றன, உப்பு மட்டும் மேல் அரை அங்குலத்தில் நின்றுவிடுகிறது. பூ விதைகளை நாம் போடுவதும் சரியாக அந்த அரை அங்குலத்தில்தான். நீங்கள் ஊற்றிய தண்ணீரில் உள்ளதைவிடப் பல மடங்கு உப்பு விதையைச் சுற்றி இருக்கக்கூடும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கும் காற்று இந்தத் திரியை இன்னும் வேகமாக எரிக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது மழையை நம்பி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்தப் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. அதனால் உப்புத் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் வாசல் பூக்களுக்கு நல்ல பட்டம் புரட்டாசிக் கடைசி. மேலே படிந்த உப்பை மழை கீழே இறக்கிவிடும், முளைக்கும் நாட்களில் வானமே நல்ல தண்ணீர் ஊற்றும்.

மழைக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. முளைக்கிற 10, 15 நாட்களுக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும். ஒரு சிறிய தட்டுக்கு நாளுக்கு ஒரு டம்ளர்தான் செலவாகும். பாத்தியில் விதைப்பவர்கள் கரையின் உச்சியில் விதைக்கக் கூடாது. இரண்டு பக்க வாய்க்காலிலிருந்தும் ஏறும் ஈரம் உச்சியில் போய்த்தான் உப்பைக் கொட்டும். சரிவில் விதைக்க வேண்டும். தொட்டியில் உப்புப் பூத்தால் மேல் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடித்துளை வழியாக வழியும் வரை ஒரே மூச்சில் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு இறங்காது.

காங்கேயம், உடுமலைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவிலும் எச்சரிக்கை வேண்டும். அதில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் இருக்கின்றன. இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் அது விதைக்கு மெத்தையாகும். நூல் சுற்றி வந்த காகிதக் கோன்களை வெட்டி அதில் நிரப்பினால் நாற்றுக்குழாய் தயார். சாயப்பட்டறையிலிருந்து வரும் கெமிக்கல் கேன்களைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வளர்ந்த செடிக்கு இவ்வளவு சலுகை தேவையில்லை. வாடாமல்லி, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ் மூன்றும் வேர் பிடித்துவிட்டால் ஓரளவு உப்பைச் சமாளிக்கும். வாடாமல்லியும் டேபிள் ரோஸும் சோளம், கரும்பு வகையிலான ஒளிச்சேர்க்கை செய்பவை. குறைந்த தண்ணீரில் கூடுதல் வேலை பார்க்கும் முறை அது. வளர்ந்த செடிக்கும் விதைக்கும் உள்ள வித்தியாசம், பெரியவர்கள் உப்புக் கஞ்சி குடிக்கலாம், பச்சைக் குழந்தைக்குக் கூடாது என்பதுபோலத்தான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம்

தண்ணீர் சரியாகிவிட்டால் எல்லா விதையும் முளைத்துவிடுமா என்றால், இல்லை. ஒவ்வொரு விதையும் தனக்கென ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது.

சங்குப்பூ விதையின் தோல் தண்ணீரையே உள்ளே விடாது. பயறு இனத்தில் பலவற்றுக்கும் இந்தக் கல்விதைக் குணம் உண்டு. கரடுமுரடான தரையில் லேசாகத் தேய்த்தோ, சுடுதண்ணீரில் இரவு ஊறப் போட்டோ வழி திறக்க வேண்டும். காலையில் பெருத்தவற்றை விதையுங்கள், பெருக்காதவற்றை மறுபடி தேயுங்கள்.

கோழிக்கொண்டையும் டேபிள் ரோஸும் வெளிச்சம் கேட்பவை. டேபிள் ரோஸ் விதை கிட்டத்தட்டத் தூசி. உள்ளே இருக்கும் உணவு அரை அங்குல மண்ணைத் துளைத்து மேலே வரப் போதாது. அதனால் வெளிச்சத்தை உணரும் நிறமி ஒன்று "இன்னும் மேலே போக வேண்டியதில்லை" என்று சொன்ன பிறகே பல பொடி விதைகள் கிளம்பும். இவற்றை மண்ணில் புதைக்காமல் தூவி, உள்ளங்கையால் அழுத்தினால் போதும். நித்தியகல்யாணி நேர் எதிர், இருட்டில்தான் நன்றாக முளைக்கும். அதை மண்ணால் மூடுங்கள். அந்திமந்தாரை மிளகளவு இருக்கும். அதை உடைத்தால் வெள்ளை மாவு கொட்டும், குழந்தைகள் அதைப் பவுடர் என்று பூசி விளையாடுவார்கள். வாயில் மட்டும் வைக்க விடாதீர்கள், அது நஞ்சு. அவ்வளவு சோறு கட்டிக்கொண்டு வந்திருப்பதால் விரல் கணு ஆழத்தில் போட்டாலும் அது மேலே வந்துவிடும்.

நிபந்தனை வைப்பது விதை மட்டுமல்ல, காயும்தான். கனகாம்பரத்தின் காய் காசித்தும்பைக்கு நேர்மாறு. காசித்தும்பை நீர் நிறைந்திருக்கும்போது வெடிக்கிறது. கனகாம்பரக் காய் காய்ந்து விறைத்துக் காத்திருந்து, மழைத்துளி பட்டதும் வெடிக்கிறது. பள்ளிக்கூடத்து வேலியோரம் பட்டாசுக் காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட கை உங்களுடையது என்றால் இந்த உத்தி ஏற்கெனவே தெரியும், இரண்டும் ஒரே குடும்பம். தரை நனைந்த நேரம் பார்த்து விதையை எறிவதற்கு இதைவிட நல்ல கடிகாரம் வேண்டாம்.

எடுத்து வைத்தல்

விதையை உயிரோடு வைத்திருப்பது தண்ணீரை வெளியே நிறுத்தும் கலை. விதை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் பெயரால் ஓர் உத்தேசக் கணக்கு உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் அடைத்துப் பரண்மேல் வைத்த பழக்கத்தில் ஈரத்தைப் பற்றிய பாதி இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகனில் வில்லியம் பீல் என்பவர் 1879-இல் 20 புட்டிகளில் களை விதைகளை நிரப்பிப் புதைத்தார். 2021-இல் தோண்டிய புட்டியிலிருந்து, 142 ஆண்டுகளுக்குப் பிறகும் சில விதைகள் முளைத்தன. எல்லா விதையும் அவ்வளவு காத்திருக்காது. நம் வாசல் பூக்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது விதைத்துப் புதுப்பிப்பது நல்லது.

இந்த ஊரில் சாம்பலுக்குப் பதில் சுலபமான ஒன்று கொட்டிக் கிடக்கிறது. ஏற்றுமதிப் பெட்டிகளில் துணியோடு போடும் சிலிகா ஜெல் பொட்டலம்தான் அது. நிழலில் காய்ந்த விதையைக் காகிதத்தில் மடித்து, அதோடு ஒரு பொட்டலத்தையும் மூடி இறுகிய டப்பாவில் போட்டுவிடுங்கள். துணியில் பூஞ்சை வராமல் காப்பதும் விதையை உறக்கத்தில் வைப்பதும் ஒரே வேலைதான். கடையில் வாங்கிய ஹைபிரிட் செண்டுமல்லியில் விதை எடுத்தால் மட்டும் அடுத்த தலைமுறை தாயைப்போல ஒரே சீராக இருக்காது.

பனியன் துணியில் ஒரு சோதனை

விதைக்கும் முன் விதையையும் தண்ணீரையும் சேர்த்தே சோதித்துவிடலாம். செலவு ஏதும் இல்லை. கட்டிங் வேஸ்டில் வெள்ளைத் துணி மூன்று துண்டு எடுங்கள். சாயம் போடாத கோராத் துணி வேண்டாம். அதில் பருத்தியின் இயற்கை மெழுகு இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாமல் மிதக்கும். பிளீச் செய்த துணிதான் சரி. ஒன்றை மழைநீரிலும், ஒன்றை நல்ல தண்ணீரிலும், ஒன்றைப் போர் தண்ணீரிலும் நனைத்துப் பிழியுங்கள். ஒவ்வொன்றிலும் 20 காசித்தும்பை விதைகளை இடைவெளிவிட்டு வைத்து, பாய்போலச் சுருட்டி, தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு நிழலில் வையுங்கள். அந்தந்தத் துணிக்கு அந்தந்தத் தண்ணீரையே தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். மூன்றும் முளைத்தால் விதையும் நன்று, கிணறும் நன்று. மூன்றும் முளைக்காவிட்டால் விதையில் குறை. போர் தண்ணீரில் மட்டும் விதைகள் பெருத்து நின்றுவிட்டால் உங்கள் வீட்டு ஆத்தா சொன்னது சரி.

முளைத்த விதையைத் துணியிலிருந்து இழுத்துப் பிடுங்காதீர்கள். ஒரு பூதக்கண்ணாடி வைத்து அதன் வேரைப் பாருங்கள். நுனிக்குச் சற்று மேலே வெள்ளையாக, பஞ்சுபோல ஒரு மூட்டம் தெரியும். அவை வேர்த்தூவிகள், ஒவ்வொன்றும் ஒற்றைச் செல். அவை பனியன் துணியின் இழைகளுக்குள் புகுந்திருக்கும். அந்தப் பருத்தி இழைகளும் ஒரு காலத்தில் செல்கள்தான். பருத்தி விதையின் தோலில் இருந்த ஒற்றைச் செல், உள்ளே நிறைந்த தண்ணீரின் அழுத்தத்தால் சில வாரங்களில் ஓர் அங்குலம் வரை நீண்டு, பிறகு காய்ந்து, நூலாகி, துணியானது. வேர்த்தூவி எது, பருத்தி எது என்று கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. அதனால் பிரிக்க வேண்டாம். கத்தரியால் துணியை விதையைச் சுற்றி வெட்டி, துணியோடு சேர்த்தே மண்ணில் வைத்துவிடுங்கள். மக்கிப்போகும் பருத்திதானே. முதல் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும்.